இரண்டு சீட் காரும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும்

உப்பு என்றால் எனக்கு ஆத்திரம் வரும். சமைக்கிற உப்பைச் சொல்லவில்லை. குளிர் தொடங்கியதும் கவுன்சில்காரர் லொறியில் கொண்டுவந்து றோட்டெல்லாம் வீசிவிட்டுப் போகிறார்களே, அந்த மண்நிற உப்பு. தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இன்றைக்கு உறைபனி வரலாம் என்பாள். பனி வராது. லொறி மட்டும் தவறாமல் வரும். அடுத்த நாள் ஒரு தூறல் தூறினால் போதும், இல்ஃபோர்டில் ஓடுகிற அத்தனை கார்களின் அடியிலும் உப்புத் தண்ணீர் அடிக்கும். சனம் வழுக்கி விழாமல் காப்பாற்றுகிறார்களாம். நல்லது, காப்பாற்றட்டும். என் காரை யார் காப்பாற்றுவது?

என் கார் என்று நான் சொல்வது தொழிலுக்கு ஓடுகிற காரை அல்ல. நான் கார் ஓடப் பழக்குகிறவள். கிழக்கு லண்டனில் எங்கள் பெண்கள் கனபேர் என்னிடம்தான் பழகினார்கள். வலப்பக்கம் திரும்பு என்றால் இடப்பக்கம் திரும்புகிறவர்கள், ரவுண்டபவுட்டுக்கு நடுவில் காரை நிற்பாட்டிவிட்டு "அக்கா, இப்ப என்ன செய்யிறது?" என்று என் முகத்தைப் பார்க்கிறவர்கள், எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பகல் முழுக்க நான் சத்தம் போட முடியாது. போட்டால் பயந்துபோய் பிரேக்கில் ஏறி நின்றுவிடுவார்கள். அதனால் என் கோபமெல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வரும். அதை வாங்கிக்கொள்ள வீட்டில் இருப்பவர் என் கணவர் ஒருவர்தான். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் சொல்கிற கார் சிவப்பு. ஜப்பானில் செய்தது, மேற்கூரையைத் துணிபோல மடித்துவிடலாம். என் மகளைவிட அதற்கு வயது கூட. இரண்டே இரண்டு சீட். பின்னுக்கு ஒரு குழந்தையைக்கூட இருத்த முடியாது. நான் அதை வாங்கியதே அதற்காகத்தான்.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் சனம் இதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. என் கணவருக்குக் கார் ஓடத் தெரியாது. வந்த புதிதில் பழகப் போய், டெஸ்டில் தவறி, "எனக்கேன் லைசன்ஸ், நீர் இருக்கிறீர்தானே" என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு மட்டுமில்லை, அவருடைய முழுச் சொந்தத்துக்கும் நான்தான் லைசன்ஸ் என்று. கல்யாண வீடு, செத்த வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர், ஆஸ்பத்திரி, விடியப்புறத்து விமான நிலையம். அப்டன் பார்க்கில் மரக்கறி மலிவு என்றால் அதற்கும் நான். பின்சீட்டில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருந்து, "கொஞ்சம் மெதுவாப் போம் பிள்ளை" என்று எனக்குக் கார் ஓடச் சொல்லித்தருவார்கள். இறங்கும்போது ஒருவரும் நன்றி சொன்னதில்லை. வீட்டு ஆளுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன வருஷம் நான் இந்தக் காரை எடுத்தேன். சனத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. இந்த வயதில் இவளுக்கு என்ன வந்தது என்றார்கள். குடும்பக்காரி ஓடுகிற காரா இது என்றார்கள். என் கணவரின் அக்கா, என் மச்சாள், டொரொண்டோவில் இருக்கிறார். அவர் போன் எடுத்துக் கேட்டார், "என்ன பிள்ளை, ரெண்டு சீட்டாமே? அப்ப உங்கள் ரெண்டு பேரைத் தவிர வேற ஒருத்தரும் ஏறேலாதே?"

"ஓம் மச்சாள். அதுக்குத்தான் எடுத்தனான்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக் கனநேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓடப் பழக்குகிற பள்ளிக்கூடக் காரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு எசெக்ஸ் பக்கம் போய்விடுவேன். போகிற இடம் முக்கியமில்லை. யாரையும் ஏற்ற வேண்டியதில்லை, யாரையும் இறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருத்தி கிளச்சை விட்டுவிடுவாளோ என்று காலைத் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட காரைத்தான் துரு தின்னத் தொடங்கியது.

கதவுகளுக்குக் கீழே, முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை, உள்ளே வெறுமையான ஒரு இரும்புப் பெட்டி நீளமாக ஓடும். இந்த மாதிரிக் காருக்கு அதுதான் முதுகெலும்பு. கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக இறங்கி, அந்தப் பெட்டிக்குள் போகாமல் நிலத்துக்குப் போக வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் பெட்டிக்குள் தேங்கும். அங்கே துரு உள்ளுக்குள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒரு வசந்தத்தில், வருஷா வருஷம் செய்கிற எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோனபோது கராஜ்காரர் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். வலப்பக்கம் சுத்தியல் உள்ளே போய்விட்டது. வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். இடப்பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் இப்படியே விட்டால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றார். இந்த வயதுக் காரை ஒவ்வொரு வருஷமும் ஒட்டிக்கொண்டிருப்பார்களா என்று ஒரு பார்வையும் பார்த்தார். என்னைப் பார்த்தா, காரைப் பார்த்தா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். உப்பு லொறி வருவதற்கு முன்னம் அடிப்பக்கம் முழுவதையும் கழுவி, சுரண்டி, காயவைத்து, மெழுகு அடித்துவிட வேண்டும். சொந்தக்காரர்களுக்குள் கார் பற்றித் தெரியாத ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. ஒருவர் பழைய என்ஜின் ஒயிலை அடி என்றார். இன்னொருவர் தார்மாதிரிக் கறுப்பாக ஒன்று விற்கிறார்கள், தடிப்பாகப் பூசிவிடு, ஒன்றும் தெரியாது என்றார். தெரியாதுதான். எனக்கு முதல் இந்தக் காரை வைத்திருந்த மகராசனும் அதைத்தான் செய்திருந்தான். துருவுக்கு மேலே கறுப்பைப் பூசி மூடிவிட்டு எனக்கு விற்றிருக்கிறான். கறுப்பு வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் போய், வெளியே வரவழியில்லாமல் உள்ளே ஊறிக்கொண்டு இருந்திருக்கிறது. மூடி மறைப்பதில் மனிதனுக்கு இருக்கிற ஆசை எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

எங்கள் வீட்டுத் தோட்டத்தின் முடிவில், பின் ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு சின்ன கராஜ் இருக்கிறது. அங்கே காரை ஜாக்கில் தூக்கி, நாலு பக்கமும் இரும்புக் கால்கள் கொடுத்து, சில்லுகளைக் கழற்றினேன். பழைய கம்பளத் துண்டு ஒன்றை விரித்து அதில் மல்லாந்து படுத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஒரு பழைய துணி. கறுப்பை உளியால் தட்டித் தட்டி உரித்தேன். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தேன். காதுக்குள், மூக்குக்குள், சட்டைக்குள் எல்லாம் துருத் தூள். சில நேரம் தோட்டக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். என் கணவரின் இரண்டு செருப்புகள் தெரியும்.

"இண்டைக்குச் சமையல் இல்லையோ?"

"இல்லை."

செருப்புகள் திரும்பிப் போகும்.

இந்த வேலையில் ஒன்று கட்டாயம்: மெழுகு அடிப்பதற்கு முன்னம் இரும்பு துப்புரவாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு மேலே மெழுகு அடித்தால் அந்த முதல் மகராசன் செய்த வேலையைத்தான் நானும் செய்ததாகும். ரப்பர் குழாய்கள் இரண்டையும் கழற்றி வாளியில் ஊறப்போட்டேன். பெட்டிக்குள் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி, சின்ன மின்விசிறி ஹீட்டரை வைத்துக் காயவிட்டேன். கீழே சுரண்டிய இடங்களில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த நேரத்தில்தான் வால்தம்ஸ்டோவில் இருந்த என் கணவருடைய சித்தப்பா காலமானார். தகப்பன் இல்லாமல்போன இவரையும் மச்சாளையும் வளர்த்தவர் அவர்தான். நல்ல மனிதர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் இவர்தான் கொள்ளி வைத்தார். டொரொண்டோவிலிருந்து மச்சாள் வந்து எங்கள் வீட்டில் நின்றார். விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தது யார் என்று கேட்க வேண்டாம். செத்த வீட்டுக்கு, சுடலைக்கு, எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு, ஐயர் வீட்டுக்கு, சாமான் கடைக்கு என்று பள்ளிக்கூடக் காரில் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பாடங்களைத் தள்ளிப் போட்டேன். டெஸ்டுக்கு நிற்கிற பெண் ஒருத்தி போனில் அழுதாள். சித்தப்பாவுக்காக ஓடியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கராஜுக்குள் சிவப்புக் கார் வெறும் இரும்பைக் காட்டிக்கொண்டு நின்றது, வெளியே நாளுக்கு நாள் குளிர் கூடிக்கொண்டு வந்தது.

கிடைத்த நேரத்தில் ஓடிப்போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு வருவேன். மச்சாள் ஒருநாள் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். சில்லுகள் இல்லாமல் கால்களில் உயர்ந்து நின்ற காரையும், தூசி படாமல் நான் போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அவர் பேசாமல் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. மடைச்சி நான்.

கணவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "சித்தப்பாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச மற்ற நாள் மெழுகு அடிக்கப் போறன். அதுவரைக்கும் கராஜுக்குள்ளை ஒருத்தரும் போகக் கூடாது. ஒரு துளித் தண்ணி படக் கூடாது. விளங்குதே?"

"ஓம், ஓம்" என்றார். அந்த ஓம் எனக்குப் பழக்கமான ஓம்தான்.

அந்தியேட்டியை ஒரு மண்டபத்தில் வைத்துச் செய்தோம். கிரியைகள் முடிந்ததும் மச்சாளையும் என் கணவரையும் முதலில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன், சாவுத் தீட்டுத் துடக்குக் கழிக்க வீடு கழுவ வேண்டும் என்று மச்சாள் அவசரப்பட்டார். மற்றவர்களை ஏற்றி இறக்க நான் திரும்பவும் மண்டபத்துக்குப் போனேன். மிஞ்சிய சோற்றுச் சட்டிகளோடு கடைசியாக நான் வீட்டுக்கு வந்தபோது வாசலிலே மஞ்சள் வாசம் அடித்தது. விறாந்தை, படிக்கட்டு, கதவு நிலை எல்லாம் மஞ்சள் தண்ணீர். அது எதிர்பார்த்ததுதான். பின் கதவைத் திறந்தேன். தோட்டத்துக் கொங்கிரீட் பாதை நெடுக மஞ்சள் சொட்டுகள். அவை கராஜ்வரை போயிருந்தன.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் துடக்குக் கழிக்கிற அன்று கடல் தண்ணீர் எடுத்துவந்து, மஞ்சள் கலந்து, மாவிலையால் வீடெல்லாம் தெளிப்பார்கள். இல்ஃபோர்டில் கடலுக்கு எங்கே போவது? மச்சாள் குசினியில் இருந்த உப்புப் பக்கற் முழுவதையும் வாளியில் கொட்டிக் கரைத்துக் கடலைத் தானே உண்டாக்கியிருந்தார்.

கராஜுக்குள் வெள்ளை விரிப்பு ஒரு மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூரைத் துணியில் மஞ்சள் திட்டுத் திட்டாக நின்றது. தெளித்ததோடு விடவில்லை, வாளியில் மிஞ்சியதைக் கூரைக்கு மேலேயே ஊற்றியிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் கூரை விளிம்பு வழியாக ஓடி, சீட்டுக்குப் பின்னால் இறங்கி, நான் குழாயைக் கழற்றி வைத்த ஓட்டைக்குள் நேரே போயிருந்தது. கீழே குனிந்து பார்த்தேன். இடப்பக்கப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

நான் கத்தினேன். நான் கத்தியது அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். மச்சாள் கையில் மாவிலையோடு வந்தார். பின்னால் என் கணவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் வாளியோடு.

"மச்சாள், நீங்கள் கனடாவிலை இருக்கிறனீங்கள்! உப்புக்குக் கார் எப்பிடி உக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"அது றோட்டுக்குப் போடுற உப்பு பிள்ளை" என்றார் மச்சாள். "இது மஞ்சள் கலந்தது."

   மச்சாள் தொடர்ந்து சொன்னார், "வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது, எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடந்தது. சித்தப்பாவை அனுப்பிப்போட்டு வந்தால் வீட்டுக்குப் பின்னாலை இது. நீ வேற அதுக்குக் கீழை போய்க் கிடக்கிறாய். விழுந்திட்டுதெண்டால்? நான் உனக்காகத்தான் கூட ஊத்தினனான்."

அது பொய்யில்லை. அவருக்கு உண்மையாகவே பயம். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. அன்பில்லாத மனிதரோடு சண்டை பிடிக்கலாம். இப்படிக் கண் கலங்கிக்கொண்டு நிற்கிறவரை என்ன செய்வது? நான் அவரை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தேன்.

"நீங்கள்? உங்களுக்குச் சொன்னனான்தானே? திறப்பைக் குடுத்தது ஆர்? வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆர்?"

"அக்கா சொன்னா" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வாளித் தண்ணிதானே" என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க நான் கழுவினேன். குசினிக் குழாயிலிருந்து தோட்டக் குழாயை நீட்டி, பெட்டிக்குள் வெறும் தண்ணீரை விட்டேன், மஞ்சள் நிறம் போகும்வரை விட்டேன், பிறகும் விட்டேன். நிறம் போய்விடும். இரண்டு தகடு சேருகிற மடிப்புக்குள் போன உப்பு போகாது. அது அங்கேயே இருந்து தன் வேலையைப் பார்க்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கழுவினேன். அழுகையும் வந்தது. ஒரு பழைய காருக்காக அழுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள்.

ஹீட்டரைத் திரும்பவும் போட்டுவிட்டுக் கீழே படுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். செருப்புகள் வந்தன. இந்த முறை திரும்பிப் போகவில்லை. என் கணவர் குந்தியிருந்து, தலையைச் சரித்து உள்ளே பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சனிக்கிழமை அக்காவுக்கு பிளைட். விடிய வெள்ளன வெளிக்கிட வேணும்" என்றார்.

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"உது உக்கினால் உக்கட்டுமேன். பிறகு ஏழு சீட் ஒண்டு எடுப்பம். எல்லாருக்கும் வசதி."

துணியைப் போட்டுவிட்டு நான் வெளியே ஊர்ந்து வந்தேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர் இந்தத் துருவுக்காகக் காத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு இல்லை. மழை விடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி, என்னுடைய இந்தப் பைத்தியம் தானாகத் தீரட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார். நல்ல மனிதர், பொறுமைசாலி என்று சனம் அவரைச் சொல்லும்.

"எல்லாருக்கும் எண்டால் ஆர்?" என்று கேட்டேன்.

"எங்கடை ஆக்கள்தான்."

"அந்த எல்லாருக்குள்ளை நான் இருக்கிறனோ?"

அவர் யோசித்தார். ஒரு கேள்விக்கு அவர் யோசித்ததே எனக்குப் புதிது. "நீர்தானே ஓடுவீர்" என்றார் கடைசியில்.

"ஏலாது" என்றேன். "சனிக்கிழமையும் ஏலாது. அதுக்குப் பிறகும் ஏலாது. பள்ளிக்கூடக் கார் இனிப் படிப்பிக்க மட்டும்தான். அக்காவை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ."

"நான் எப்பிடி? ரெண்டு பெரிய பெட்டி கிடக்கு."

"உங்களுக்கு ரெண்டு கை கிடக்கு."

அவர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம்வரை நம்பவில்லை. சனிக்கிழமை பெட்டி உருள்கிற சத்தம் வாசலில் கேட்டபோது நான் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. மச்சாள் அறைக் கதவில் நின்று "போயிட்டு வாறன் பிள்ளை" என்றார். நான் எழும்பிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கார்த் திறப்பை எடுக்கவில்லை. இரண்டு பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலுக்குப் போனார்கள்.

மத்தியானம்போல அவர் திரும்பி வந்தார். நான் அவரது முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு புலம்பலை எதிர்பார்த்துக்கொண்டு மரக்கறி வெட்டினேன்.

"சுகமாப் போய்ச் சேர்ந்திட்டம்" என்றார். "ஒருக்காத்தான் மாறிறது. லிப்டும் கிடக்கு. அக்காவுக்கும் நல்ல சந்தோசம்."

கத்தியை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. அந்த ரயில் இத்தனை காலமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விடியப்புறங்களில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டமெல்லாம், வராத விமானங்களுக்காகக் காருக்குள் நடுங்கிக்கொண்டு இருந்ததெல்லாம், வேறு வழி இல்லாததால் இல்லை. நான் இருந்ததால்.

கார் காய்வதற்குள் குளிர் வந்துவிட்டது. ஹீட்டர் பகல் முழுக்க ஓடியது, இரும்பைத் தொட்டால் பிறகும் பிசுபிசுத்தது. இதற்குமேல் காத்திருந்தால் ஈரம் இன்னும் ஏறும். ஒருநாள் பின்னேரம், முடிந்த அளவு காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெழுகை அடித்தேன். நீண்ட மெல்லிய குழாயைப் பெட்டிக்குள் விட்டு, அடியில் உள்ள ஓட்டைகளால் மெழுகு சொட்டும்வரை அடித்தேன். தண்ணீர் வெளியே போக அந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டேன். சில்லுகளைப் பூட்டினேன். அடுத்த வாரம் உப்பு லொறி எங்கள் றோட்டால் போனது. மஞ்சள் விளக்கைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு மினுக்கமாகப் போனது! நான் ஜன்னலில் நின்று அதைத் தூஷணத்தால் பேசினேன். பக்கத்தில் நின்ற என் கணவர் தனக்கு என்று நினைத்து உள்ளே போய்விட்டார். நான் திருத்தவில்லை.

குளிர்காலம் முழுக்கக் காரை வெளியே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தேன். இருந்தும் ஒருவரும் தங்களை எங்கும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. செய்தி பரவியிருந்தது. எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று பேச்சாம்.

வசந்தத்தில் எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோனேன். அதே கராஜ்காரர், அதே சின்னச் சுத்தியல். இடப்பக்கம், கதவுக்குப் பின்னால், உள்ளே போய்விட்டது. வெட்டி ஒட்டச் சொன்னேன். இதற்குமேல் ஒட்டுவது வீண் என்று அவர் சொல்லத் தொடங்க, ஒட்டுங்கள் என்று இன்னொரு தரம் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

திருப்பி எடுக்கப் போன அன்று என் கணவர் தானும் வருகிறேன் என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கராஜ்காரர் வெட்டி எடுத்த தகட்டை வாங்குப் பலகை ஒன்றின்மேல் வைத்திருந்தார். வெளிப்பக்கம் சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. திருப்பினார். உள்ளே இரும்பு இல்லை, அடுக்கடுக்காகத் துரு. மற்ற இடமெல்லாம் மெழுகு நன்றாகப் பிடித்திருக்கிறது, இந்த மடிப்பு மட்டும் ஏன் இப்படிப் போனது என்று அவருக்கு விளங்கவில்லை. காரைக் கடற்கரையில் வைத்திருந்தீர்களா என்று என்னைக் கேட்டார்.

 என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு துண்டு உதிர்ந்து அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவர் அதைத் தட்டவில்லை.

நான் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். கூரையை மடித்தேன். அவர் மற்றப் பக்கக் கதவுக்கு வந்தார், ஆனால் பிடியில் கை வைக்காமல் நின்றார்.

"நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார். இது வேறு ஓம்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. எசெக்ஸ் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தேன். நான் வந்தபோது அவர் குசினி மேசையில் இருந்தார், சாப்பிடாமல். நான் கார்த் திறப்பை மேசையில் வைத்ததும் கேட்டார்.

"நான் கார் ஓடப் பழகட்டோ?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டவற்றில் எனக்கு இரக்கம் வந்த கேள்வி அது ஒன்றுதான். இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை.

"பழகுங்கோ" என்றேன். "என்னட்டை இல்லை."